கஞ்சிப் பையில் ஊற்றிய கூழ்

என் மகள் பிளாஸ்டிக் பையைத் தின்னும் காட்சியை எனக்கு முதலில் அனுப்பிவைத்தவர் என் நாத்தனார். கூடவே கும்பிடும் கைகள் இரண்டும், "பாவம், பிள்ளைக்கு என்ன மனக்கஷ்டமோ" என்று ஒரு வரியும். மஸ்கட்டில் நான் சமூக அறிவியல் நடத்தும் பள்ளியின் ஆசிரியர் அறையில், தேநீர் இடைவேளையில் அதைத் திறந்தேன். அகிலா ஒரு வெள்ளைப் பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தாள். வெற்றிலையைப்போல மடித்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், அவள் சிரித்தாள். "தண்ணி குடுங்கப்பா, விக்கிக்கப் போவுது" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது.

அகிலா வேதிப் பொறியியல் படித்தவள். நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த எஸ்தருடன் சேர்ந்து காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து மக்கிப்போகும் பை செய்கிறாள் என்பது வரை எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் "சொந்தத் தொழில்" என்று சொல்லிவிட்டு உடனே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கப் பழகியிருந்தேன். செய்ததை அவளே தின்றும் தீர்க்கிறாள் என்பதைத்தான் என்னிடம் சொல்லவில்லை.

என் கணவர் காட்சியை இரண்டு முறை பார்த்தார். "மக்குற பைதானே? உள்ள போயும் மக்கிடும்" என்றார். அவர் எதற்கும் பதறாதவர். பதறும் பொறுப்பைக் கல்யாணமான அன்றே என்னிடம் ஒப்படைத்துவிட்டார். "நீ போய் அவளைக் கூட்டிட்டு வா. வரமாட்டேன்னா, அந்தக் கண்றாவியைத் திங்கறதையாவது நிறுத்திட்டு வா." இந்த இரண்டு வேலைகளோடு நான் விமானம் ஏறினேன்.

சென்னையில் இறங்கி ஒரு வாடகைக் காரில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"காஞ்சிபுரமா? வூட்ல கல்யாணமாம்மா?"

"இல்லப்பா."

"பொண்ணு இருக்குதா?"

"இருக்கா. கல்யாணம் இல்ல."

"சரிம்மா. அப்ப ஒண்ணு ரெண்டுதான் எடுப்பீங்க."

என்ன எடுப்பேன் என்று கேட்கத் தோன்றவில்லை, தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கார் ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் பெட்டி என்னைவிட வேகமாக உள்ளே போய்விட்டது. குளிர்ந்த அறை, சோபா, வெள்ளி டம்ளரில் காபி. எதிரே ஒருவர் புடவைகளை மடமடவென்று விரித்தார். "நான் புடவை எடுக்க வரலீங்க. என் பொண்ணு விஷயமா அவசரமா வந்திருக்கேன்" என்றேன். "பொண்ணு என்ன கலரும்மா, மாநிறமா?" என்றார்.

மஸ்கட்டில் டாக்ஸிக்காரர்கள் நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் கேட்பார்கள். ஆனால் சொன்ன இடத்தில் இறக்கிவிடுவார்கள். இங்கே ஒருவர் காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்காமல் வருவது, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவதுபோல ஊரையே அவமதிக்கும் செயல். காபியை மட்டும் குடித்துவிட்டு வெளியேறினேன். ஓட்டுநர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. செவிலிமேட்டில் அகிலா குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னால் பெட்டியை இறக்கியபோது மட்டும், "பொண்ணுக்கு நல்லபடியா முடியட்டும்" என்றார். கோபத்திலும் நல்ல மனுஷர்.

கதவைத் திறந்த அகிலா இளைத்திருந்தாள். "ஏம்மா சொல்லாம வந்த?" என்றாள்.

"நீ சொல்லிட்டா பையைத் தின்ன?"

உள்ளே தரையில் உட்கார்ந்து பைகளை அடுக்கிக்கொண்டிருந்த எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எஸ்தர் பக்கத்துக் கூரம் கிராமத்துப் பெண். அவள் அப்பா நெல்லறுப்புக்குப் போனவர், அண்ணன் ஜேசிபி ஓட்டுகிறான், இவள் இன்ஜினீயர். வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமான முதுகுவலி என்று அவளே சொன்னாள்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் முசரவாக்கம் போனோம். எஸ்தரின் மடியில் சுருட்டிய பைகள் தூண்போல நின்றன. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பைக்கு உண்டு என்றார் கண்டக்டர்.

"இன்னாம்மா இது, பிளாஸ்டிக்கு ரோலா? லக்கேஜ் போடணும்."

"பிளாஸ்டிக் இல்லண்ணா, மாவு."

"மாவுன்னா மூட்டையா இருக்கும். இது ரோலா இருக்குது."

"இது மாவுல செஞ்ச ரோலுண்ணா."

"அப்ப பரோட்டாவா?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்குத் தன் கேள்வியின் கௌரவம் போய்விட்ட கோபம். "அந்தப் பொண்ணுதான் இத்தைத் திங்குதுபா, நான் போன்ல பார்த்தேன்" என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். வண்டி ஒரு மாட்டை உரசாமல் தப்பியது. லக்கேஜ் கட்டணத்தை நான் கொடுத்தேன். என் மகளின் புகழுக்கு நான் செலுத்திய முதல் வரி அது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஜவ்வரிசி வடாம் காய்வதுபோன்ற மணம். ஓர் இயந்திரம் சூடான மாவுக் குழம்பை வளையம் வழியாகத் தள்ளிக் காற்று ஊதியது. அது நீளமான வெள்ளைக் குமிழாக எழுந்து, மேலே போய்ப் படிந்து, சுருளாக இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. பாராட்டினால் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம்.

"இது என்ன மாவு?" என்றேன்.

"மாடிஃபைடு ஸ்டார்ச்மா. திருத்தின மாவு."

வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்தியவளிடம் மாவைத் திருத்துவதாக ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்? அகிலா பொறுமையாக விளக்கினாள். வெறும் மாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். உன் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டால் மொடமொடவென்று நிற்கும், மழையில் நனைந்தால் கூழாகிவிடும், இல்லையா? மாவின் ஒவ்வொரு இழையிலும் தண்ணீரைப் பிடிக்கும் கைகள் உண்டு. வினிகர் என்கிற காடியில் இருக்கும் அமிலத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்றைக் கொண்டு அந்தக் கைகளில் சிலவற்றைக் கட்டிவிடுகிறோம். பிறகு தண்ணீரைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாது. மடித்தால் உடையாமலிருக்கக் கிளிசரின். பச்சைத் தண்ணீர் பட்டால் தாங்கும். மண்ணில் புதைத்தால் புழு பூச்சி தின்று முடிக்கும். வெந்நீரில் மட்டும் நிற்காது.

"புழு திங்கட்டும். நீ ஏண்டி தின்ன?"

எஸ்தர்தான் சொன்னாள். "ஆன்ட்டி, லேபு ரிப்போர்ட்டைக் கைல வச்சிக்கினு கடை கடையா ஏறி இறங்கினோம். ஒருத்தரும் பார்க்கல. எல்லாரும் ஒரே பேச்சு: நெஜமாவே பிளாஸ்டிக் இல்லன்னா தின்னு காட்டு. ஒருநாளு இவளுக்குக் கோவம் வந்துச்சு, தின்னுட்டா. அன்னிலேந்து ரிப்போர்ட்டைத் தொடக்கூட மாட்றாங்க."

செருப்புக் கடைக்காரரை யாரும் தோல் என்றால் கடித்துக் காட்டு என்று கேட்பதில்லை. பட்டு அசல்தானா என்று பார்க்க நூலைக் கொளுத்துவார்களே தவிர, முதலாளியை முந்தானையை மென்று காட்டச் சொல்வதில்லை. நான்கு வருடம் படித்து என் மகள் வாங்கிய பட்டத்துக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை. அவளுடைய பல்லுக்குத்தான் இருக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. அவள் தின்று முடித்ததும் அடுத்த கேள்வி தயாராக வரும்: "திங்கற பொருளுன்னா கனம் தாங்குமாம்மா?" மண்ணுக்குள் போனால் மாவாகவும் கைக்குள் இருந்தால் இரும்பாகவும் இருக்கும் பையைக் கேட்கிறார்கள்.

ஷெட்டின் வாசலில் கொட்டை எழுத்தில் பலகை: கஞ்சிப் பை. அது எஸ்தரின் உபயம். "இவ போயி பயோ டிகிரேடபிள்னா எவனும் நிமிந்துகூடப் பார்க்கல ஆன்ட்டி. நூலுக்குக் கஞ்சி போட்ற ஊரு இது. கஞ்சின்னதும் எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு."

புரிந்துவிட்டது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஏகாம்பரம் வந்தார். செவிலிமேட்டில் அகிலா இருக்கும் தெருக்கோடியிலுள்ள அம்மன் கோயிலின் விழாக்குழுத் தலைவர். விவசாயக் குடும்பம், இப்போது லாரி வைத்திருக்கிறார், மேடை கிடைத்தால் பேசவும் செய்வார். பைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இதான் கஞ்சிப் பையா? ஆடித் திருவிழாக்கு வேணும்பா. வர்ற ஜனத்துக்கு ஆளுக்கு ஒண்ணு. ஆபீசருங்க தொல்லை தாங்கல, பிளாஸ்டிக்கு வச்சா புட்சிக்கினு பூட்றாங்க. இது எவ்ளோ தாங்கும்?"

அகிலாவின் முகம் மலர்ந்தது. தேங்காய், பழம், எலுமிச்சை, குங்குமம் எல்லாம் போட்டுக் கொடுப்பார்கள் என்று அவள் மனதில் படம் ஓடிவிட்டது. ஒரு பையில் செங்கல்லைப் போட்டு ஆட்டிக் காட்டினாள். "ரெண்டு கிலோ தாங்கும் சார்."

"ரெண்டு கிலோ கஞ்சி எவன் குடிக்கப் போறான்!" என்று ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தார்.

பையின் பெயரை வைத்து அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நாங்களும் சிரித்தோம். மூன்று பேரும் படித்தவர்கள். தாராளமாகச் சிரித்தோம்.

அவர் போன பிறகு அகிலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஊரே வர்ற இடம்மா. ஒரு கோயில்ல நல்லா நடந்துட்டா அடுத்தடுத்து கேப்பாங்க. அப்புறம் நான் எதையும் திங்க வேண்டியதில்ல." நடக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "உன்கூட வந்துடறேன்" என்றாள். நான் மனதுக்குள் அம்மனிடம் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

இடையில் ஒருநாள் என்னைக் கோயில் இட்லி சாப்பிட அழைத்துப்போனார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி வேகவைப்பது. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் தொண்டையில் இறங்கும்போது, மஸ்கட்டில் நான் வெள்ளிதோறும் அவிப்பவற்றுக்கு இட்லி என்று பெயர் வைத்த என் துணிச்சலை நினைத்து வெட்கப்பட்டேன். இலையில் வெந்த அந்த இட்லியைச் சிலர் வெளியே கொண்டுவந்ததும் முதல் வேலையாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். பக்கத்து ஓட்டலில் சாம்பாரைக் கவரில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி நூலைக் கட்டினார் ஒருவர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்போது மாநகராட்சி வண்டி வந்தது. ஓட்டல்காரரின் கவர்க்கட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் வெங்காய மூட்டைக்குள் போய்விட்டது. ஒளிக்கத் தெரியாமல் கையில் பை வைத்துக்கொண்டு நின்றவள் என் மகள். "இன்னா கவரு இது?" என்று பிடுங்கிக்கொண்டார் ஊழியர். அகிலா பேச ஆரம்பிப்பதற்குள் அவர் எஸ்தரைப் பார்த்து, "இந்தம்மாதானே திங்கறது? தின்னுட்டு வாங்கிக்கினு போவச் சொல்லு" என்றார். அகிலாவின் கை அவரிடமிருந்த பைக்குப் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பைகள் வண்டியில் போயின. வெங்காய மூட்டை அசையவில்லை.

ஆடி ஞாயிற்றுக்கிழமை. ஒலிபெருக்கி தெருவையே தூக்கி நிறுத்தியிருந்தது. வேப்பிலைத் தோரணம், அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், வெட்டிய வெங்காயம், கருவாட்டுக் குழம்பின் மணம். நாங்கள் மூவரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, எங்கள் பொருளின் அரங்கேற்றத்தைப் பார்க்கப் போனோம்.

முதலில் அதிர்ந்தது பையைப் பார்த்து. வெறும் வெள்ளையாகக் கொடுத்த பைகளில் ஊர் அச்சகம் ஒன்றில் கொடுத்துப் படம் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் எலுமிச்சை அளவில் அம்மன். மீதி இடம் முழுக்கக் கட்சியின் வட்டச் செயலாளர், பளபளக்கும் நீல மையில், கறுத்த மீசையோடு. அம்மனைவிட அவர் அருள்பாலிக்கும் தோற்றத்தில் இருந்தார். "நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அகிலா முணுமுணுத்தாள்.

அடுத்து அதிர்ந்தது அண்டாவைப் பார்த்து. வட்டச் செயலாளருக்கு இன்னொரு கோயிலிலும் கூழ் ஊற்றும் வேலை இருந்ததால் முன்னதாகவே வந்துவிட்டார். கூழ் ஆற நேரமில்லை. மோர் கலக்கவும் நேரமில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் ஒரு பையை விரித்துப் பிடித்தார். "ஊத்துபா."

"ஐயோ, அதுல ஊத்தறாங்கடி!" என்று எஸ்தர் கத்தியது ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனது. அந்த நொடியில்தான் எங்கள் மூன்று பேருக்கும் தமிழ் புரிந்தது. கஞ்சியால் ஆன பை என்று இவர்கள் எழுதினார்கள். கஞ்சி ஊற்றும் பை என்று ஊர் படித்தது. இரண்டும் ஒரே எழுத்து. இலக்கணப்படி இருவரும் சரி.

முதல் பை வட்டச் செயலாளரின் கையில். அவர் அதைப் போட்டோவுக்காகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பையில் இருந்த அவருடைய முகம் முதலில் சற்றுப் பருத்தது. பிறகு தாடை தொங்கியது. மீசை ஒருபக்கமாக இறங்கி நீல ஓடையானது. படம் எடுத்தவர் எடுத்துக்கொண்டே இருந்தார். பையின் அடி நெகிழ்ந்து, கூழும் மீசையுமாக வெள்ளை வேட்டியில் இறங்கியபோது அவர் போட்ட சத்தத்துக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"பிளாஸ்டிக்கு உருகிக்கினு கெடக்குதுடி! யாரும் குடிக்காதீங்க!" என்று ஒரு பெண் அலறினாள். கையில் பை வாங்கியவர்கள் கீழே போட்டார்கள். ஏகாம்பரம் அகிலாவை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் தெரு வந்தது.

"இன்னாம்மா ரெண்டு கிலோ தாங்கும்னே? அம்மன் கூழுல பிளாஸ்டிக்க கலந்துட்டியே! நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"சார், அது பிளாஸ்டிக் இல்ல, மாவுதான். சூட்டுல கரையும். நீங்க கூழ் ஊத்தப் போறீங்கன்னு எனக்கு—"

"மாவுதானே? ஊருக்கெல்லாம் தின்னு காட்ற இல்ல? இத்தக் குடி. குடிச்சுக் காட்டு."

ஒரு சொம்பில் பாதி கரைந்த பையும் கூழுமாக நீட்டினார். அகிலா கையை நீட்டினாள். எதைத் தடுக்க நான் கடல் தாண்டி வந்தேனோ அது என் கண்ணெதிரே நடக்கப்போனது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். சொம்பைப் பிடுங்கி, நாக்கு வெந்துபோக, மடமடவென்று குடித்தேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் விழுவேனா மாட்டேனா என்பதில் நியாயமான ஆர்வம் இருந்தது. ஒரு பாட்டி என் பின்னால் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திவைத்தார். நான் விழவில்லை.

"எப்டிம்மா இருக்குது?" என்றார் ஒருவர்.

"உப்பு கம்மி" என்றேன்.

சிரிப்பு கிளம்பியது. "பெத்தவளே குடிச்சுட்டாங்கப்பா, அப்ப ஒண்ணும் இல்ல" என்றது ஒரு குரல். கீழே போட்டவர்கள் அடுத்த பைக்குக் கை நீட்டினார்கள். ஏகாம்பரத்தின் முகம்கூடத் தளர்ந்தது. காரியம் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், ஊர் அந்தக் கூழை அப்படியே குடித்திருக்கும். என் மகளின் தொழிலும் பிழைத்திருக்கும்.

அகிலா என் வாயைப் பார்த்தாள். என் உதடுகள் நீலமாக இருந்தன.

"யாரும் குடிக்காதீங்க!" என்று கத்தினாள். "பை நான் செஞ்சது, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மை நான் போட்டதில்ல. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. கொட்டிடுங்க!" சொல்லிவிட்டு, அடுக்கி வைத்திருந்த பைகளை அவளே இழுத்துக் கிழித்துப்போட்டாள். பக்கத்தில் நின்ற சிறுமியின் கையில் இருந்ததையும் தட்டிவிட்டாள்.

"எங்க தலைவர் படத்தையா வெஷம்ன்ற?" என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். எஸ்தர் நடுவில் நின்றாள். "தலைவர் வெஷமில்லண்ணா, அவரைக் கரைச்சுக் குடிக்கறதுதான் வெஷம். அப்படிப் போ" என்றாள். அவர் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்குள் எங்களை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். "ஆஸ்பத்திரிண்ணா, பட்டுக் கடை இல்ல" என்று ஓட்டுநரிடம் ஏறும்போதே சொன்னாள்.

மருத்துவர் இளம்பெண். "என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"பை."

"பையா?"

"கஞ்சிப் பை."

"கஞ்சி சாப்பிட்டீங்களா, பை சாப்பிட்டீங்களா?"

"பையில ஊத்தின கூழு டாக்டர்" என்றாள் எஸ்தர். "பை கரைஞ்சு கூழோட பூட்ச்சு. பை பிரச்சினை இல்ல. அதுமேல இருந்த வட்டச் செயலாளர்தான் பிரச்சினை."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் எவ்வளவு உள்ள போயிருப்பார்?"

"மீசை வரைக்கும்."

மாலைவரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாக்குப் புண்ணைத் தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலம் மட்டும் பல்லிடுக்கில் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அகிலா உட்கார்ந்திருந்தாள். திட்டினாள், நான் அவளைத் திட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளாலேயே திட்டினாள்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒருத்தி குடிப்பாளா? படிச்சவதானே நீ?"

"நீ திங்கலையா?"

"நான் தின்னது என்னோடதும்மா. ஒவ்வொண்ணும் எடை போட்டுச் சேர்த்தது."

"அப்ப உனக்குப் பயமே இல்ல?"

சலைன் குழாயின் மடிப்பை நீவிவிட்டாள். "தின்ன அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராதும்மா. வயித்துல கை வச்சுக்கிட்டே படுத்திருப்பேன். பை மாவுதான். ஆனா பைன்னு செஞ்சது. சாப்பாடுன்னு செய்யல."

கூழை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது. இந்தப் பேச்சை நினைத்தால் வருவதில்லை. அந்தக் கைதட்டலில் அவள் சிரித்த சிரிப்பைத் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தவள் நான்.

கோயில் கைவிட்டுப்போனது. அவள் சொன்ன வாக்கின்படி என்னோடு கிளம்ப வேண்டும். "வர்றியா?" என்று கேட்டேன். "வாக்குக் குடுத்தேன்ல, வர்றேன்" என்றாள். குரல் சரியில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், எஸ்தரும் அவளும் பையின் ஓரத்தில் என்ன எழுதுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சூடானதை ஊற்றாதீர்" என்பது எஸ்தர். "படம் அச்சிடாதீர்" என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது அகிலா. "தின்னக் கூடாது" என்று மூன்றாவதாக எழுதச் சொன்னேன். பெட்டியை நான் மட்டும் கட்டினேன். அவளை வா என்று மறுபடி கேட்கவில்லை. அவளும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை.

கிளம்பும் நாளன்று ஒரு பட்டுக் கடையில் அவர்களுக்குச் சந்திப்பு. இந்த முறை என்னை யாரும் ஏமாற்றி அழைத்துப்போகவில்லை, நானாகப் போனேன். முதலாளி தெலுங்கு பேசுகிறவர். பையை விரலில் தேய்த்துப் பார்த்தார். மஸ்கட்டில் எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்குக்காரர்கள் என்பதால் அவர் கணக்கரிடம் சொன்னது எனக்குப் புரிந்தது: "இதுதான் அந்தக் கூழ் பொண்ணு. கிழவிதான் குடிச்சது." எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

பிறகு தமிழில், "நல்லா இருக்குதும்மா. எங்கே, ஒரு துண்டு சாப்ட்டுக் காட்டு. கஸ்டமருங்களும் பார்க்கட்டும்" என்றார். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். இரண்டு பேர் போனை எடுத்தார்கள்.

"இது பை சார்" என்றாள் அகிலா. "இழுத்துப் பாருங்க. கனம் வச்சுப் பாருங்க. மண்ல புதைச்சுட்டு ஆடி முடிஞ்சு தோண்டிப் பாருங்க. லேப் ரிப்போர்ட் இருக்கு, படிங்க. தின்னு காட்ட மாட்டேன். பசிச்சா கோயில்ல இட்லி குடுக்கறாங்க."

முதலாளி கணக்கரைப் பார்த்தார். "அப்ப பிளாஸ்டிக்தான்" என்றார் தெலுங்கில். எங்களிடம், "வச்சிட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்றார். எந்த மொழியில் சொன்னாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

கேட்பதற்காக நான் வந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுடைய பைகளை அந்த மனிதர் மேஜையோரத்துக்கு ஒதுக்கித் தள்ளியதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "நான் வேணும்னா ஒரு சின்னத் துண்டு..." என்று ஆரம்பித்தேன்.

அகிலா என் காலை மிதித்தாள். முகத்தில் சிரிப்பு மாறாமல், குதிகாலை ஊன்றி மிதித்தாள். மஸ்கட் வந்து சேர்ந்த பிறகும் கட்டைவிரல் நகம் கறுத்துத்தான் இருக்கிறது.